காய்ந்த புல்தரையைப் பெயர்க்கும் முன் கணுவைப் பாருங்கள்

கேள்வி: 100 சதுர மீட்டர் புல்தரை. பாதி அருகம்புல், பாதி கொரியன் புல். தண்ணீர்ப் பற்றாக்குறையால் இரண்டு மாதம் பாய்ச்ச முடியவில்லை. எல்லாம் வைக்கோல் நிறமாகிவிட்டது. இப்போது இரண்டு வாரமாகத் தினமும் கொஞ்ச நேரம் தெளிக்கிறேன். அருகு அங்கங்கே துளிர்க்கிறது, கொரியன் புல் அசையவே இல்லை. பெயர்த்துவிட்டுப் புதிதாகப் போடலாமா? யூரியா போட்டால் எழுமா?

பதில்: இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். இலை காய்ந்ததை வைத்துப் புல் செத்துவிட்டது என்று முடிவு கட்டக் கூடாது. வறட்சி வந்தால் இலையைக் கைவிட்டுவிட்டுக் கணுவையும் மண்ணுக்குள் இருக்கும் தண்டையும் காப்பாற்றிக்கொள்வது இந்தப் புற்களின் இயல்பு. அதனால் பார்க்க வேண்டியது கணுவைத்தான். நாலைந்து இடங்களில் ஒரு பிடி புல்லை மண்ணோடு தோண்டி எடுங்கள். தரையோடு ஒட்டி ஓடும் தண்டின் கணுவை நகத்தால் கீறுங்கள். உள்ளே வெள்ளையாகவோ வெளிர்பச்சையாகவோ ஈரம் தெரிந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாகி, ஒடித்தால் சுள்ளி போல முறிந்தால் அந்த இடம் போனதுதான்.

அருகுக்கு வேர் ஆழமாகப் போகும். மண்ணுக்குள் ஓடும் தண்டும் தடிமனானது. ஈரம் கிடைத்ததும் முதலில் எழுவது அதனால்தான். கொரியன் புல்லுக்கும் அப்படிப்பட்ட தண்டு உண்டு. ஆனால் வளர்ச்சியே மெதுவானது, ஆகவே மீளவும் அதிக நாளாகும். கணு உயிரோடு இருந்தால் ஆறு வாரமாவது பொறுங்கள். பெரிய மரத்தின் அடியில் இருக்கும் பகுதி இன்னும் பின்தங்கும். மர வேர் ஈரத்தை முந்தி இழுத்துக்கொள்ளும்.

உங்கள் தண்ணீர் விடும் முறையை முதலில் மாற்றுங்கள். தினமும் லேசாகத் தெளித்தால் மேல் இரண்டு, மூன்று செ.மீ. மட்டும் நனைந்து, வெயிலில் ஆவியாகிவிடும். வேரும் மேலேயே தங்கிவிடும். நீண்ட நாள் காய்ந்த மண்ணில் இன்னொரு சிக்கலும் உண்டு: மட்கும் புல்லிலிருந்து வரும் மெழுகு போன்ற பொருள் மண் துகள்மேல் படிந்து, தண்ணீர் உள்ளே இறங்காமல் உருண்டு ஓடும். காய்ந்த இடத்தில் ஒரு துளி விட்டுப் பாருங்கள். அது முத்தாக நின்றால் இதுதான் காரணம். கூர்முனைக் கம்பியால் பத்து செ.மீ. இடைவெளியில், பத்து செ.மீ. ஆழத்துக்குத் துளை போடுங்கள். பிறகு பத்து நிமிடம் பாய்ச்சி, அரை மணி நேரம் விட்டு, மறுபடி பாய்ச்சுங்கள். சதுர மீட்டருக்கு மொத்தம் 20 முதல் 25 லிட்டர் போக வேண்டும். மறுநாள் நீளமான திருப்புளியைக் குத்திப் பாருங்கள், 15 செ.மீ. வரை தடையில்லாமல் இறங்கினால் போதும். அடுத்த தண்ணீர் ஐந்தாறு நாள் கழித்து. மணற்பாங்கான மண் என்றால் அதே அளவை இரண்டாகப் பிரித்து மூன்று நாளுக்கு ஒருமுறை விடலாம்.

யூரியா ஏன் கூடாது என்றால், அதிலுள்ள தழைச்சத்து (நைட்ரஜன்) புது இலையை வேகமாக வளர வைக்கும். வேர் இன்னும் அதற்குத் தயாராக இல்லை. தண்டில் மிச்சமிருக்கும் மாவுச்சத்தையும் செலவழித்துவிடும். பச்சை பரவி, ஒருமுறை வெட்டும் அளவுக்கு வளர்ந்த பிறகு சதுர மீட்டருக்கு 10 கிராம் யூரியாவை மணலோடு கலந்து தூவி உடனே தண்ணீர் விடுங்கள். முதல் வெட்டில் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். அதுவரை ஆள் நடமாட்டமும் வேண்டாம். காய்ந்த கணு மிதிபட்டால் நசுங்கிவிடும், அதன் பிறகு எவ்வளவு தண்ணீர் விட்டும் பயனில்லை. களைக்கொல்லியும் அப்படியே, புல் தேறும் வரை தொடாதீர்கள். களையைக் கையால் பிடுங்குங்கள்.

ஆறு வாரத்துக்குப் பிறகும் சொட்டையாக நிற்கும் இடத்தில் மட்டும் ஒட்டுப் போடலாம். அருகுக்கு இரண்டு, மூன்று கணுவுள்ள தண்டுத் துண்டுகளை நான்கு செ.மீ. ஆழத்தில் புதைத்து, நுனி வெளியே தெரியும்படி விடுங்கள். கொரியன் புல்லுக்கு வேர்மண்ணோடு ஐந்து செ.மீ. அளவுத் துண்டுகளை 15 செ.மீ. இடைவெளியில் நட்டு அமுக்குங்கள். புதிதாக நட்டவற்றுக்கு மட்டும், வேர் பிடிக்கும் வரை, தினமும் லேசான தண்ணீர் சரிதான்.

மறுபடி தட்டுப்பாடு வந்தால், பச்சையாக வைத்திருக்க முயலாமல் காயவே விடுங்கள். இரண்டு, மூன்று வாரத்துக்கு ஒருமுறை சதுர மீட்டருக்கு 12 லிட்டர், அதாவது உங்கள் முழுத் தரைக்கும் 1,200 லிட்டர் கொடுத்தால் கணு உயிரோடு இருக்கும்.