அடிபட்ட காலோட ஃபுல் மாரத்தான் ஓடலாமா?

கேள்வி: ஜனவரில நடக்குற சென்னை மாரத்தான்ல முதல் தடவையா ஃபுல் ஓட பதிவு பண்ணிருக்கேன். இன்னும் மூணு வாரம்தான் இருக்கு. 30 கிலோமீட்டர் லாங் ரன் முடிச்சதுல இருந்து வலது கால் முன்னெலும்புல வலி. நடந்தா தெரியல, ஓட ஆரம்பிச்சா வருது, போகப் போக ஜாஸ்தியாகுது. எக்ஸ்ரேல ஒண்ணும் இல்லைன்னுட்டாங்க. ஒரு பெயின்கில்லர் போட்டுட்டு ஓடி முடிச்சிட்டு அப்புறம் ரெஸ்ட் எடுத்துக்கலாமா?

பதில்:

நேரா சொல்லிடறேன், நீங்க எழுதினத வச்சு பார்த்தா எம்ஆர்ஐ எடுத்துப் பார்க்காம ஸ்டார்ட் லைன்ல போய் நிக்காதீங்க. நான் டாக்டர் இல்ல, பல வருஷமா சென்னைல ஓடிட்டு இருக்குற ஆளு, அவ்வளவுதான். ஆனா இதே முன்னெலும்பு வலி எனக்கும் வந்து, பிப் (ரேஸ்ல மார்புல குத்திக்கிற நம்பர் சீட்டு) கைல இருந்தும் ஓடாம இருந்திருக்கேன். இன்னொரு வருஷம் குதிகால் வலியோட ஃபிசியோ சரின்னு சொல்லி முழுசா ஓடியும் இருக்கேன். ரெண்டுமே சரியான முடிவுன்னுதான் இன்னைக்கும் நினைக்கிறேன். வலி எவ்வளவுன்னு பார்த்து அந்த முடிவு எடுக்கல, சொல்லப்போனா குதிகால்லதான் வலி ஜாஸ்தி. எது வலிக்குதுன்னு பார்த்துதான் எடுத்தோம்.

நம்ம ஆளுங்க எல்லாரும் பண்றது என்னன்னா "தாங்க முடியுமா"ன்னு மட்டும் கேட்டுக்குறாங்க. ஃபுல்லுக்கு ட்ரெயின் பண்றவன் எதையும் தாங்குவான், நாலு மாசம் விடியக்காலைல எழுந்து ஓடினவனுக்கு அதெல்லாம் ஒரு விஷயமே இல்ல, அதனால அந்தக் கேள்வியால பிரயோஜனம் இல்ல.

இன்னைக்கு ராத்திரி ஒண்ணு பண்ணுங்க. கட்டில்ல உட்கார்ந்து கால நீட்டிட்டு, முழங்காலுக்குக் கீழ இருந்து கணுக்கால் வரைக்கும் அந்த எலும்போட உள்பக்க ஓரத்த கட்டைவிரலால மெதுவா அழுத்திக்கிட்டே வாங்க. கீழ்ப்பாதில ஒரு சாண் நீளத்துக்கு அங்கங்க பொதுவா வலிச்சா அது பெரும்பாலும் ஷின் ஸ்ப்ளின்ட்ஸ், எலும்பு மேல இருக்குற சவ்வும் அதுல ஒட்டியிருக்குற தசையும் எரிச்சலாகிக் கிடக்குது. அப்படி இல்லாம விரல் போயிட்டே இருக்கும்போது ஒரே ஒரு எடத்துல, விரல் நுனி அளவுதான் இருக்கும், சுருக்குன்னு உயிர் போற மாதிரி வலிச்சா அது எலும்பு. எனக்கு அப்படித்தான் இருந்துச்சு, அதுக்கு ரெண்டு விரல் மேல அழுத்தினா ஒண்ணும் இல்ல, கீழ அழுத்தினா ஒண்ணும் இல்ல, அந்தப் புள்ளில மட்டும் கை வைக்க முடியல. ஓட ஓட ஜாஸ்தியாகுதுன்னு நீங்க எழுதியிருக்கீங்க பாருங்க, அதைப் படிச்சதும்தான் எனக்கு பயம் வந்துச்சு. குதிகாலுக்கு அடியில இருக்குற சவ்வு, பின்னாடி இருக்குற தசைநார் வலியெல்லாம் பொதுவா முதல் ரெண்டு கிலோமீட்டர் படுத்தி எடுத்துட்டு சூடானதும் அடங்கும், அடுத்த நாள் காலைல கால கீழ வைக்கும்போது திரும்ப வரும். எலும்பு வலி அப்படி அடங்காது, ஏறிக்கிட்டே போகும். இன்னும் கொஞ்சம் முத்தினா நடந்தாலும் வலிக்கும், அப்புறம் ராத்திரி படுத்திருக்கும்போது கூட வலிக்கும்.

எக்ஸ்ரேல ஒண்ணும் இல்லைன்னு சந்தோஷப்படாதீங்க. ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர், அதாவது திரும்பத் திரும்ப அடி விழுந்து எலும்புல வர்ற நுண்ணிய விரிசல், முதல் ரெண்டு மூணு வாரத்துக்கு எக்ஸ்ரேல பெரும்பாலும் தெரியவே தெரியாது. எலும்பு ஆற ஆரம்பிச்சு புது எலும்பு படிஞ்ச அப்புறம்தான் அங்க ஒரு கோடோ தடிப்போ தெரியும், சில சமயம் அதுவும் தெரியாது. எம்ஆர்ஐல எலும்புக்குள்ள இருக்குற நீர் வீக்கம் ஆரம்பத்துலயே தெரிஞ்சிடும், நாலு கிரேடா பிரிச்சு சொல்லுவாங்க, நாலாவதுலதான் விரிசல் கோடே தெரியும். காசு கொஞ்சம் ஆகும்தான், ஆனா ஷூவுக்கும் வாட்ச்சுக்கும் நாம செலவு பண்றத நினைச்சா இதுக்கு யோசிக்கக் கூடாது.

எலும்பு என்ன கல்லா, ஓடி ஓடி தேயுறதுக்குன்னு கேக்கலாம். உயிருள்ள பொருள்ங்க அது. ஓடும்போது நுண்ணிய அளவுல சேதமாகுது, உடம்பு முதல்ல சேதமான பகுதிய அரிச்சு எடுத்துடும், அப்புறம்தான் புதுசா கட்டும், எடுக்குறது சீக்கிரம் நடக்கும் கட்டுறது மெதுவா நடக்கும். ட்ரெயினிங்ல கிலோமீட்டர் மளமளன்னு ஏத்தும்போது அந்த இடைவெளில எலும்பு பலவீனமா இருக்கு, அந்த நேரத்துலயே திரும்ப திரும்ப அடிச்சா விரிசல் விடுது. ஓடும்போது ஒவ்வொரு அடிக்கும் உங்க எடையப்போல ரெண்டுல இருந்து மூணு மடங்கு அழுத்தம் தரைல இருந்து திரும்பி வரும், 42.195 கிலோமீட்டருக்கு எப்படியும் முப்பதாயிரம் அடிக்கு மேல, மெதுவா ஓடினா நாப்பதாயிரம் கிட்ட. அதுல பாதி அந்த வலது காலுக்கு.

குதிகால் வருஷத்துல எனக்கு என்ன நடந்துச்சுன்னா, ஃபிசியோ என்னை ட்ரெட்மில்ல ஓட விட்டு பின்னாடி இருந்து வீடியோ எடுத்துப் பார்த்தாங்க. வலி இருந்தும் என் ஓட்டம் மாறல, ரெண்டு காலும் ஒரே மாதிரிதான் விழுந்துச்சு. அதப் பார்த்துட்டுதான் ஓடுங்கன்னாங்க, ஒரு நிபந்தனையோட: நொண்ட ஆரம்பிச்சா அந்த எடத்துலயே நிறுத்திடணும். நொண்டிக்கிட்டே ஓடினா அந்தக் கால் மட்டும் கெடாது, நல்லா இருக்குற காலோட முழங்கால், இடுப்புன்னு வரிசையா இழுத்து விட்டுடும். நான் ஸ்பீட எல்லாம் மறந்துட்டு பின்னாடி பேஸரோட (ஒரே வேகத்துல ஓடி மத்தவங்கள கூட்டிட்டுப் போறவர்) மெதுவா போய் முடிச்சேன். அதுக்கப்புறம் அந்தக் குதிகால் சரியாக நாள் எடுத்துச்சு, ஆனா சரியாச்சு. சவ்வு வலிக்கு அந்த விலை கொடுக்கலாம். எலும்புக்கு கொடுக்க முடியாது, ஏன்னா அரைகுறை விரிசல் 35வது கிலோமீட்டர்ல முழுசா விட்டுச்சுன்னா அப்புறம் ஆபரேஷன் வரைக்கும் போகும். அதுலயும் முன்னெலும்போட முன்பக்க விளிம்புல வர்றது, பாதத்துக்கு நடுவுல இருக்குற நாவிகுலர் எலும்புல வர்றது எல்லாம் சீக்கிரம் ஆறாது. தொடை இடுக்குல வலி வந்தா அதுக்கு மேல ஒரு அடி கூட ஓடக் கூடாது, தொடை எலும்போட கழுத்துல (இடுப்பு மூட்டுக்குக் கீழ ஒடுங்குற பகுதி) விரிசல் இருக்கலாம். அங்க எலும்பு விலகிடுச்சுன்னா மேல் குமிழுக்குப் போற ரத்த ஓட்டமே நின்னுடும், இளவயசுலயே இடுப்பு மூட்டு மாத்துற நிலைமை வந்துடும். உங்களுக்கு அது இல்ல, ஆனா இதப் படிக்கிற வேற யாருக்காவது இருக்கலாம்னுதான் எழுதுறேன்.

இப்ப பெயின்கில்லர். தயவுசெஞ்சு வேண்டாம். நொண்டுறதுக்கு முன்னாடி நிறுத்துன்னு சொல்றதே அந்த வலிதான், அதையும் அமுக்கிட்டா நீங்க எதை வச்சு நிறுத்துவீங்க? இது ஒண்ணு. இன்னொண்ணு கிட்னி. இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் மாதிரி மாத்திரைங்க கிட்னிக்குப் போற ரத்தத்த குறைக்கும், சும்மா வீட்ல இருக்குறப்ப உடம்பு சமாளிச்சுக்கும், ஆனா சென்னைல ஜனவரியா இருந்தாலும் விடியக்காலைல இருக்குற அந்தக் கசகசப்புல நாலஞ்சு மணி நேரம் வேர்த்து ஊத்தும்போது ஏற்கனவே கிட்னிக்கு ரத்தம் கம்மியாத்தான் போகும். மாத்திரையும் சேர்ந்தா ரெட்டை அடி. வயித்தையும் கெடுக்கும்.

வயிறு கெடுறதுன்னா என்னன்னு பிரிட்டன் மாரத்தான் வீராங்கனை பவுலா ராட்க்ளிஃப் கதையப் பாருங்க. 2003ல லண்டன் மாரத்தான 2 மணி 15 நிமிஷம் 25 செகண்ட்ல ஓடி உலக சாதனை வச்சவங்க, 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்ஸ்ல தங்கம் அவங்களுக்குத்தான்னு ஊரே பேசிட்டு இருந்துச்சு. ரேஸுக்கு முன்னாடி கால்ல அடி, அதுக்கு வீக்கம் குறைய மாத்திரை போட, அது வயித்தக் கெடுத்து சாப்பிட்டது உடம்புல சேரல. அந்த வெயில்ல கிட்டத்தட்ட 36வது கிலோமீட்டர்ல நின்னு ரோட்டோரமா உட்கார்ந்து அழுதாங்க, நான் அந்த வீடியோவ இப்ப பார்த்தாலும் மனசு பிசையும். அஞ்சு நாள் கழிச்சு 10,000 மீட்டர்லயும் இறங்கினாங்க, அதுவும் முடியல. ஆனா அதே வருஷம் நவம்பர்ல நியூயார்க் மாரத்தான ஜெயிச்சாங்க, அதத்தான் நான் முக்கியமா பார்க்குறேன். உடம்பு ஆறினதும் அதே ஆளு அதே கால வச்சு ஜெயிக்கிறாங்க. அவங்களுக்காவது ஒலிம்பிக்ஸ் நாலு வருஷத்துக்கு ஒரு தடவை, ரிஸ்க் எடுத்தாங்கன்னா ஒரு நியாயம் இருக்கு. சென்னை மாரத்தான் வருஷா வருஷம் வருது.

மனசு கேக்காதுன்னு எனக்குத் தெரியும். ஆஃபீஸ்ல எல்லார்கிட்டயும் சொல்லியாச்சு, வீட்ல பொண்டாட்டி புள்ளைங்க ஃபினிஷ் லைனுக்கு வர்றேன்னு சொல்லியிருப்பாங்க, கட்டின காசு திரும்ப வராது. நான் ஓடாத அந்த வருஷம் ரேஸுக்கு முந்தின ஒரு வாரம் க்ரூப் மெசேஜ் எதையும் திறக்கவே இல்ல, அவ்வளவு கஷ்டமா இருந்துச்சு. அதனாலதான் சொல்றேன், இந்த முடிவ பிப் வாங்கப் போறதுக்கு முன்னாடியே எடுத்துடுங்க. பிப்பையும் டீ ஷர்ட்டையும் கைல வாங்கிட்டு யோசிச்சா எல்லா வலியும் சின்ன வலியாத்தான் தெரியும், ஓட்டம் ஆரம்பிக்கிற நேப்பியர் பாலத்துக்கிட்ட அந்தக் கூட்டத்துல போய் நின்னா வலியே தெரியாது. நீங்க தனியா எடுக்கவும் வேண்டாம், ஓடுறவங்களப் பார்த்துப் பழக்கம் இருக்குற ஒரு ஸ்போர்ட்ஸ் ஃபிசியோ இல்ல ஆர்த்தோ டாக்டர்கிட்ட "ஓடலாமா"ன்னு கேக்காம "எந்த எடம், எலும்பா தசையா, எத்தனை வாரம்"னு கேளுங்க, பதில் தெளிவா வரும்.

எம்ஆர்ஐல எலும்பு சுத்தமா இருந்து வெறும் ஷின் ஸ்ப்ளின்ட்ஸ்தான்னா, ஒரு வாரம் பத்து நாள் ஓட்டத்த சுத்தமா நிறுத்திட்டு, முக்கால் மணி நேரம் வேகமா நடந்து வலி இல்லைன்னா, அந்தக் கால்ல மட்டும் நின்னு பத்து தடவை குதிச்சுப் பாருங்க (எலும்பு சந்தேகம் இருக்குற வரைக்கும் இத செய்யாதீங்க), அப்புறம் ஒரு 5 கிலோமீட்டர் மெதுவா ஓடி அடுத்த நாள் காலைல எப்படி இருக்குன்னு பாருங்க. இதெல்லாம் தாண்டினா ஃபிசியோ சம்மதத்தோட போகலாம், ஃபுல்லுக்குப் பதிலா 10 கிலோமீட்டருக்கு மாத்தித் தருவாங்களான்னு மெயில் போட்டுக் கேட்டுப் பாருங்க, நானா இருந்தா அதத்தான் செய்வேன். எலும்புல ஏதாவது இருந்துச்சுன்னா 10 கிலோமீட்டரும் கிடையாது, 5ம் கிடையாது.

ஃபிட்னஸ் போயிடுமேன்னு பயப்படாதீங்க. ஆழமான நீச்சல் குளத்துல இடுப்புல மிதவை பெல்ட் கட்டிட்டு கால் தரைல படாம ஓடுற மாதிரியே கை கால அசைச்சா ஒரு மாசத்துக்கு மேல கூட ஸ்டாமினாவ பெரிசா இழக்காம வச்சிருக்கலாம். முதல் பத்து நிமிஷம் செம போர் அடிக்கும், கொஞ்ச நேரம் வேகமா, கொஞ்ச நேரம் மெதுவான்னு இன்டர்வெல் மாதிரி பிரிச்சு செஞ்சா மூச்சு வாங்கும், நேரம் போறது தெரியாது. வலி இல்லைன்னா சைக்கிளும் ஓட்டலாம், அதையும் டாக்டர்கிட்ட கேட்டுட்டு. கூடவே வைட்டமின் டி ஒரு டெஸ்ட் எடுத்துடுங்க, இவ்வளவு வெயில்ல இருந்தும் நம்ம ஊர்ல நிறைய பேருக்கு கம்மியாத்தான் இருக்கு. எடை குறைக்க சாப்பாட்ட குறைச்சுக்கிட்டே கிலோமீட்டர ஏத்தியிருந்தீங்கன்னா அதையும் மறைக்காம சொல்லுங்க. பெண்களா இருந்து பீரியட்ஸ் தள்ளிப் போயிட்டு இருந்தா அத கட்டாயம் சொல்லணும், எலும்பு பலவீனமாகுறதுக்கு அது பெரிய அறிகுறி.

இந்த எடத்துல வர்ற சாதாரண ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர்னா பொதுவா ஆறுல இருந்து எட்டு வாரம் ஆகும், அப்புறம் நடையும் ஓட்டமும் கலந்து கொஞ்சம் கொஞ்சமா திரும்ப வரணும். இந்த வாரமே ஸ்கேன் எடுத்துடுங்க. ரிப்போர்ட் வந்ததும் எந்த கிரேடு, எலும்போட எந்தப் பக்கம்னு எழுதியிருக்காங்களோ அத இங்க போடுங்க, திரும்ப ஓட ஆரம்பிச்சப்ப ஃபிசியோ எனக்குப் போட்டுக் கொடுத்த ப்ளான் என்கிட்ட இருக்கு, அனுப்பி வைக்கிறேன், உங்க ஃபிசியோகிட்ட காட்டிட்டு உங்களுக்கு ஏத்த மாதிரி மாத்திக்குங்க.