தாத்தா மேல் போட்டது ராஜத்துரோக வழக்கா, ஜாமீன் வழக்கா?

கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். கடிதத்தின் சாரம் இது:

"பழைய டிரங்குப் பெட்டியைச் சுத்தம் செய்தபோது என் பாட்டனாரின் பெயர் போட்ட ஒரு காகிதம் கிடைத்தது. 1930 ஆகஸ்டு தேதி. '108 கி.பு.கோ., 124-ஏ இ.பி.கோ., முச்சலிக்கா ரூ.200, ஜாமீன் இருவர், ஒரு வருஷம்' என்பது மட்டும் படிக்க முடிகிறது. மற்றதைச் செல் அரித்துவிட்டது. அவர் மேல் தேசத்துரோக வழக்கு இருந்தது என்று பயந்தே எங்கள் வீட்டில் இந்தப் பேச்சை எடுக்க மாட்டார்கள். அந்தமானுக்குப் போனார் என்று சித்தப்பா சொல்வார். பாட்டி மட்டும் 'அலிபுரம்' என்பார். உண்மையில் என்ன வழக்கு? ஆவணம் எங்கே கிடைக்கும்? தியாகி குடும்பம் என்று ஏதாவது கோர முடியுமா?"

நல்ல கேள்வி. செல் விட்டுவைத்த அந்த ஒரு வரியே பாதி பதிலைச் சொல்லிவிடுகிறது.

முதலில் '108'. இது இந்தியத் தண்டனைச் சட்டத்தின் பிரிவு அல்ல, 1898-ஆம் வருஷத்துக் கிரிமினல் புரொசீஜர் கோடின் பிரிவு. ராஜநிந்தனையான விஷயத்தைப் பேசியோ எழுதியோ பரப்புகிறவர் என்று மாஜிஸ்திரேட் கருதினால், "இனிமேல் ஒழுங்காக இருப்பேன்" என்று ஒரு வருஷம் வரைக்கும் முச்சலிக்கா எழுதித் தரச் சொல்லலாம், ஜாமீன்தாரர்களையும் கேட்கலாம். அந்த நோட்டீசில் எந்த மாதிரிப் பேச்சு என்று காட்டுவதற்காகத் தண்டனைச் சட்டத்தின் ராஜத்துரோகப் பிரிவான 124-ஏ-யையும் எழுதுவார்கள். உங்கள் காகிதத்தில் இரண்டு எண்ணும் சேர்ந்து வந்திருப்பதற்குக் காரணம் அதுதான். எழுதிக் கொடுத்தால் வீட்டுக்குப் போகலாம், மறுத்தால் அந்தக் காலம் முடியும்வரை ஜெயில்.

ஆக, காகிதத்தில் படிக்கக் கிடைத்த அளவுக்கு, உங்கள் பாட்டனார் 124-ஏ-யில் தண்டனை பெற்றவர் இல்லை. ஜாமீன் கொடுக்க மறுத்து உள்ளே போனவராகத்தான் தெரிகிறது. 1930-இல் உப்புச் சத்தியாகிரகத்துக்குப் பிறகு கள்ளுக்கடை மறியலிலும் அந்நியத் துணிக்கடை வாசலிலும் பேசிய காங்கிரஸ்காரர்களுக்கு இதுவே வாடிக்கையாக நடந்தது. சர்க்காருக்கு இது சௌகரியமான வழி. குற்றம் நிரூபிக்கும் சிரமம் குறைவு, பெரிய விசாரணை வேண்டாம். முச்சலிக்கா எழுதினால் மனிதர் ஊரில் தலைகுனிவார், எழுதாவிட்டால் ஜெயிலுக்குப் போவார். இரண்டில் எது நடந்தாலும் சர்க்காருக்கு லாபம்தான். எழுதிக் கொடுப்பதில்லை என்பது அப்போது காங்கிரஸ்காரர்களுக்கு மானப் பிரச்சினை.

இந்த வழி 1930-இல் புதிதாக வந்ததும் அல்ல. 1908 மார்ச்சில் தூத்துக்குடி கோரல் மில் வேலைநிறுத்தத்தை ஒட்டி வ.உ.சிதம்பரம் பிள்ளை, சுப்பிரமணிய சிவா, பத்மநாப ஐயங்கார் மூவரையும் பிடித்தபோதும் முதலில் எடுத்தது நன்னடத்தை ஜாமீன் நடவடிக்கைதான். 124-ஏ அதற்கு அப்புறம் வந்தது. உங்கள் ஊர்ப் பக்கத்துக் கதை என்பதால் இதை விரிவாகவே சொல்கிறேன்.

124-ஏ பிரிவு 1860-இல் இயற்றிய தண்டனைச் சட்டத்தில் கிடையாது. மெக்காலே 1837-இல் தயாரித்த வரைவில் இருந்தது, சட்டமானபோது விடுபட்டுப்போனது. 1870-இல் ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன் அதை நுழைத்தார். சர்க்கார் மேல் 'டிஸ்அஃபெக்‌ஷன்' உண்டாக்கினால் குற்றம் என்பது அதன் சாரம். அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்பதில்தான் வக்கீல்கள் வருஷக்கணக்காக மல்லுக்கட்டினார்கள். 1891-இல் கல்கத்தாவில் 'வங்கவாசி' பத்திரிகை மேல் போட்ட வழக்கில் ஜூரிகள் ஒத்துப்போகவில்லை. பத்திரிகைக்காரர்கள் வருத்தம் தெரிவித்து வழக்கு கைவிடப்பட்டது. 1897-இல் பம்பாயில் திலகர் வழக்கில் நீதிபதி ஸ்ட்ரேச்சி, சர்க்கார் மேல் பிரியம் இல்லாமையே 'டிஸ்அஃபெக்‌ஷன்' என்று ஜூரிகளுக்குச் சொன்னார். அப்படிப் பார்த்தால் வரி கட்டும்போது முணுமுணுக்கிற ஊரே உள்ளே போக வேண்டும்! திலகருக்கு 18 மாதம் கடுங்காவல் கிடைத்தது. மறு வருஷம், 1898-இல், வெறுப்பு, அவமதிப்பு என்ற சொற்களையும் சேர்த்துப் பிரிவை இன்னும் அகலமாக்கினார்கள். வகுப்புகளுக்கு இடையே பகைமூட்டுவதைக் குற்றமாக்கிய 153-ஏ வந்ததும் அந்த வருஷம்தான், உங்கள் காகிதத்தில் உள்ள 108 வந்ததும் அந்த வருஷம்தான்.

சட்டத்தில் ஒரு விளக்கம் இருந்தது: வெறுப்பைத் தூண்டாமல், சட்டத்துக்கு உட்பட்ட வழியில் மாற்றம் கேட்டு, சர்க்காரின் நடவடிக்கையைக் கண்டிக்கலாம். அதாவது "உப்பு வரியைக் குறையுங்கள்" என்பது மனு, "உப்புக்கே வரி போடுகிற ராஜ்யம் எதற்கு?" என்பது குற்றம். பேசியது அத்தனையும் உண்மை என்று நிரூபித்தாலும் அதனால் தப்பிக்க முடியாது. இன்னொரு வில்லங்கம் மொழிபெயர்ப்பு. ஊர்க்கூட்டத்தில் பேசியது தமிழ், போலீஸ்காரர் எடுத்தது குறிப்பு, மேல்மட்டத்தில் தீர்மானிப்பது அதன் ஆங்கிலம். சர்க்கார் தரப்பு மொழிபெயர்ப்பு தம் மராத்தியைத் திரித்துவிட்டது என்று திலகரே 1908 வழக்கில் வாதாடினார். ஆவணத்தில் உங்கள் பாட்டனாரின் பேச்சு கிடைத்தால் இதை மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள். அவர் பேசிய தமிழ் அதில் இருக்காது.

சரி, அந்தமான் விஷயத்துக்கு வருவோம். சித்தப்பா அப்படி நினைத்ததில் தப்பில்லை. 124-ஏ-க்கு அப்போது உச்சபட்சத் தண்டனை ஆயுள்காலத் தீவாந்தரம், அதாவது கடல் கடந்து நாடு கடத்துவது. 1908 ஜூலை 7-ஆம் தேதி திருநெல்வேலியில் நீதிபதி பின்ஹே வ.உ.சி.க்கு அதைத்தான் விதித்தார். தாம் பேசியதற்கு ஒன்று, சிவாவுக்கு உடந்தையாக இருந்ததற்கு ஒன்று என்று இரட்டைத் தீவாந்தரம். ஆனால் அவர் அந்தமானுக்குப் போகவே இல்லை. மேல்முறையீட்டில் தண்டனை வெகுவாகக் குறைந்தது. கோயம்புத்தூர் ஜெயிலில் செக்கிழுத்தார், அப்புறம் கண்ணனூர் ஜெயில், 1912 டிசம்பரில் விடுதலை. தீர்ப்பில் தீவாந்தரம் என்று இருந்தாலே கப்பல் ஏறினார் என்று ஆகாது. உங்கள் பாட்டனார் விஷயத்தில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. ஜாமீன் மறுத்தவரைத் தீவாந்தரம் அனுப்பச் சட்டத்தில் வழி கிடையாது.

பாட்டி சொன்னதுதான் சரி. அலிபுரம் பெல்லாரிக்குப் பக்கத்தில் இருக்கிறது. பெல்லாரி அப்போது சென்னை மாகாணத்தில் இருந்தது. சட்டமறுப்புக் கைதிகளை அங்கே இருந்த ஜெயிலில் நிறைய அடைத்தார்கள், தமிழ் மாவட்டத்துக்காரர்களும் அதில் உண்டு. கல்கத்தா அலிப்பூர் ஜெயிலோடு இதைக் குழப்பிக்கொள்கிறவர்களை நானே நாலைந்து பேர் பார்த்திருக்கிறேன். இந்த மாதிரி விஷயங்களில் வீட்டுப் பெண்களின் ஞாபகத்தை நான் அதிகம் நம்புவேன். மனு போட்டதும், பார்க்கப் போக ரயில் மாறியதும் பெரும்பாலும் அவர்கள்தான்.

'தேசத்துரோகம்' என்ற சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. அந்தக் காலத்துத் தமிழில் இந்த வழக்குக்கு ராஜத்துரோகம், ராஜநிந்தனை என்றுதான் பெயர். சர்க்காரை நிந்திப்பதுதான் குற்றம், தேசத்தை அல்ல. 124-ஏ-யைத் தேசத்துரோகம் என்று பத்திரிகைகள் எழுதிப் பழகியதில் பல வீடுகளில் உங்கள் வீட்டைப் போலவே வீண் பயம் புகுந்திருக்கிறது. அரசருக்கு எதிராக யுத்தம் செய்வது 121, அதற்குச் சதி செய்வது 121-ஏ. 1911-இல் கலெக்டர் ஆஷ் சுடப்பட்ட பிறகு நடந்த சதி வழக்கு அந்த ரகம். உங்கள் காகிதத்தில் அந்த எண்கள் இல்லை. காந்தியின் மேல் 1922-இல் அகமதாபாத்தில் போட்டதும் இதே 124-ஏ-தான். பிரியத்தைச் சட்டம் போட்டு உண்டாக்க முடியாது என்று கோர்ட்டிலேயே சொல்லிவிட்டு ஆறு வருஷத் தண்டனையை ஏற்றுக்கொண்டார்.

இனி ஆவணம் தேடும் வேலை.

மாஜிஸ்திரேட் கோர்ட்டில் ஆரம்பிக்காதீர்கள். கீழ்க் கோர்ட்டுக் கட்டுகளைக் குறித்த வருஷங்கள் ஆனதும் அழித்துவிடுவது வழக்கம், 1930-ஆம் வருஷத்துக் கட்டு இருக்க வாய்ப்பு குறைவு. பிடிக்க வேண்டிய நூல்முனை வேறு. 124-ஏ வழக்கைக் கோர்ட்டு விசாரணைக்கு எடுக்க வேண்டுமானால் சர்க்காரின் அனுமதி கட்டாயம், புரொசீஜர் கோடின் 196-ஆம் பிரிவு அது. அதனால் ஒவ்வொரு 124-ஏ வழக்குக்கும் சென்னைக் கோட்டையில் ஒரு அரசாணை பிறந்திருக்கும். 108-இல் சாதாரணப் பேச்சாளருக்கு இந்த அனுமதி தேவையில்லை, கலெக்டரே நடவடிக்கை எடுக்கலாம். பத்திரிகை ஆசிரியர், அச்சிடுபவர், வெளியிடுபவர் என்றால் மட்டும் 108-க்கும் சர்க்கார் உத்தரவு வேண்டும். அதனால் உங்கள் பாட்டனார் பேச்சாளரா, பத்திரிகைக்காரரா என்பதை முதலில் வீட்டில் விசாரியுங்கள்.

பத்திரிகை என்றால் இன்னொன்றையும் கேட்க வேண்டும்: எழுதினாரா, அல்லது பதிவில் பெயர் மட்டும் கொடுத்தாரா? 1867-ஆம் வருஷத்துச் சட்டப்படி அச்சிடுபவர், வெளியிடுபவர் பெயர்களை அப்போது பதிவு செய்ய வேண்டியிருந்தது. வழக்கு வந்தால் பிடிபடுவது பெயர் கொடுத்தவர். 1908-இல் 'இந்தியா' பத்திரிகை வழக்கில் ஜெயிலுக்குப் போனவர் பதிவில் பெயர் இருந்த சீனிவாசன். எழுதிய பாரதி பிரெஞ்சுப் புதுச்சேரிக்குப் போய்விட்டார். 1933-இல் 'குடி அரசு' தலையங்கத்துக்காகப் பெரியாரோடு அவருடைய தங்கை கண்ணம்மாளும் தண்டனை பெற்றார். அவர்தான் வெளியிடுபவர்.

தேட வேண்டிய முதல் இடம் சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம். அது இருப்பது காந்தி-இர்வின் சாலையில். அந்தப் பெயர் உங்கள் கதைக்கும் பொருந்தும், கீழே சொல்கிறேன். அங்கே ஒவ்வொரு துறையின் அரசாணைகளுக்கும் வருஷவாரியாக அட்டவணை உண்டு. 1930, 1931 இரண்டு வருஷத்துக்கும் பொதுத் துறை, சட்டத் துறை அட்டவணைகளைப் பாருங்கள். பாட்டனார் பெயரில் மட்டும் தேடினால் ஏமாந்து போவீர்கள். ஒரே சுப்பையா ஆங்கிலக் காகிதங்களில் நாலு விதமாக எழுதப்பட்டிருப்பார். சாதிப் பட்டம், அப்பா பெயர், கிராமம், தாலுகா எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு போங்கள். ஊர்ப் பெயரில் தேடினால் சீக்கிரம் கிடைக்கும். என்ன அடையாளச் சான்று, எப்படி விண்ணப்பம் என்பதை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள், வெளியூரிலிருந்து வந்து திரும்பிப் போக நேராது.

இரண்டாவது, டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்தின் 'அபிலேக் படல்' இணையதளம். மாகாண சர்க்கார் டெல்லிக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அனுப்பிய அரசியல் நிலவர அறிக்கைகள் உள்துறையின் அரசியல் கோப்புகளில் இருக்கின்றன. தனி மனிதர் பெயர் அவற்றில் வருவது அபூர்வம்தான். ஆனால் அந்த மாதம் உங்கள் ஜில்லாவில் என்ன நடந்தது என்பது தெரியும்.

மூன்றாவது, சுதேசமித்திரன். 1930-இல் கைதுச் செய்திகளை ஊர்வாரியாகப் போட்டார்கள். பழைய இதழ்களுக்குத் தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் கேளுங்கள். காகிதத்தில் உள்ள தேதிக்கு முன்னும் பின்னும் பத்து நாள் பார்த்தால் போதும்.

ஒரு வருஷம் என்று எழுதியிருந்தாலும் பாட்டனார் முழு வருஷமும் உள்ளே இருந்திருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். 1931 மார்ச் 5-ஆம் தேதி காந்தி-இர்வின் ஒப்பந்தம் கையெழுத்தானது. வன்முறை சம்பந்தப்படாத சட்டமறுப்புக் கைதிகள் அதையொட்டி விடுதலையானார்கள். ஆகஸ்டில் உள்ளே போனவர் என்றால் ஏழு மாதக் கணக்கு வருகிறது. பாட்டி சொன்ன கதைகளில் மாசி, பங்குனி மாதத்தில் திரும்பிவந்ததாக ஏதாவது வருகிறதா என்று யோசித்துப் பாருங்கள்.

தியாகி ஓய்வூதியம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மத்திய அரசின் திட்டத்தில் ஜெயிலுக்குப் போனவர்களுக்குப் பொதுவாகக் குறைந்தது ஆறு மாதச் சிறைவாசம் வேண்டும். வாரிசு என்பதில் மனைவி, மணமாகாத மகள் போன்றவர்கள்தான் அடங்குவார்கள், பேரப்பிள்ளைகள் வர மாட்டார்கள். அதனால் பணத்தை எதிர்பார்த்து இதில் இறங்க வேண்டாம். அதே மாதிரி, அந்த உத்தரவால் இன்று உங்கள் குடும்பத்தில் யாருக்கும் வேலையிலோ பாஸ்போர்ட்டிலோ எந்தத் தொல்லையும் வராது. வ.உ.சி.க்கு அந்தக் காலத்தில் வந்தது. தண்டனையோடு வக்கீல் சன்னதும் (வக்கீல் தொழில் செய்யும் உரிமம்) போனது. பல வருஷம் கழித்து வாலஸ் என்ற நீதிபதியின் உதவியால் திரும்பக் கிடைத்தது. நன்றிக்காக மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார்.

கடைசியாக, அந்தக் காகிதத்தை லேமினேட் செய்துவிடாதீர்கள். செல்லோடேப்பும் ஒட்ட வேண்டாம். பகல் வெளிச்சத்தில் இரண்டு பக்கமும் படம் எடுத்து வையுங்கள், பின்பக்கத்தில் மங்கலான முத்திரை ஏதாவது இருந்தால் அதைத் தனியாகக் கிட்டத்தில் வைத்து எடுங்கள். எந்த மாஜிஸ்திரேட் கோர்ட்டு என்பது அந்த முத்திரையில் இருக்கக்கூடும். தாலுகா தெரிந்துவிட்டால் எழும்பூரில் உங்கள் வேலை பாதியாகக் குறையும்.