லாஸ் சரியாக இருக்கிறது, 10ஜி ஏன் தடுமாறுகிறது?

கேள்வி: பெங்களூரில் ஃபீல்டு இன்ஜினியராக இருக்கிறேன். இங்கிருந்து கிருஷ்ணகிரி வரை வாடகைக்கு எடுத்த டார்க் ஃபைபர் (கருவி எதுவும் இணைக்காத வெறும் ஃபைபர்), ஓடிடிஆரில் (பல்ஸ் அனுப்பி ஃபைபரின் நீளம், லாஸ் பார்க்கும் மீட்டர்) 92 கி.மீ. காட்டுகிறது. லாஸ் 21 டிபி. 1ஜி (நொடிக்கு 1 ஜிகாபிட்) பிரச்சினையில்லாமல் ஓடியது. '80 கி.மீ.' 10ஜி மாட்யூல் போட்டதும் எர்ரர் கொட்டுகிறது. ரிசீவ் பவர் -20 டிபிஎம். குரோமேட்டிக் டிஸ்பர்ஷன் (அலைநீளத்துக்கு அலைநீளம் ஒளியின் வேகம் மாறுவதால் பல்ஸ் விரிவது) அளக்கச் சொல்கிறார்கள். எப்படி அளப்பது?

பதில்: மீட்டரை வாடகைக்கு எடுக்கும் முன் ஒரு பெருக்கல். சாதாரண ஜி.652 ஃபைபரில் 1550 நானோமீட்டரில் டிஸ்பர்ஷன் கிலோமீட்டருக்குச் சுமார் 17 பிக்கோசெகண்ட்/நானோமீட்டர். 92 கி.மீ.க்கு 1564. உங்கள் வகை மாட்யூல் தாங்குவது பொதுவாக 1600. ஆனால் ஜி.652 தரமே 18.6 வரை அனுமதிக்கிறது, அப்படியானால் 1711. ஆக, நீங்கள் விளிம்பில் நிற்கிறீர்கள், அளக்கத்தான் வேண்டும்.

1ஜி ஓடியதை வைத்து ஃபைபரை நம்பாதீர்கள். வேகம் 10 மடங்கானால் தாங்கும் டிஸ்பர்ஷன் ஏறக்குறைய 100இல் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். -20 டிபிஎம்மும் பார்க்கும் அளவுக்கு நல்ல எண் இல்லை. மாட்யூலுக்குக் குறைந்தபட்சம் தேவையான ரிசீவ் பவர் என்று டேட்டாஷீட்டில் வரும் -24, டிஸ்பர்ஷன் இல்லாமல் அளந்தது. 1600ஐ நெருங்கும்போது அதில் 2, 3 டிபி போய்விடும்.

சரி, அளவுக்கு வருவோம். நான்கு அலைநீளங்களில் பல்ஸ் அனுப்பி, மறுமுனையில் பட்டுத் திரும்பும் நேர வித்தியாசத்தைப் பார்க்கும் ஓடிடிஆர் வகை மீட்டர் உண்டு. ஒரே முனையில் வேலை முடியும் என்பதால் எல்லோரும் அதைத்தான் கேட்பார்கள். உங்கள் நீளத்துக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். 1310இல் ஒரு வழி லாஸே 30 டிபியைத் தாண்டும். ஒளி போய்த் திரும்ப வேண்டுமே! போதாததற்கு, மறுமுனையில் பச்சை ஏபிசி கனெக்டர் (முனை சாய்வாகத் தேய்த்தது) இருந்தால் எதிரொளியும் மங்கல்.

ஃபேஸ் ஷிஃப்ட் முறைக்குப் போங்கள். கிருஷ்ணகிரியில் ஒருவர் சோர்ஸை மாட்ட, நீங்கள் இங்கே ரிசீவரோடு உட்கார வேண்டும். மாடுலேட் செய்த ஒளியின் ஃபேஸ் ஒவ்வொரு அலைநீளத்திலும் எவ்வளவு நகர்கிறது என்பதிலிருந்து தாமதம் கிடைக்கும். அந்த வளைவின் சரிவுதான் டிஸ்பர்ஷன். உங்கள் மாட்யூலின் அலைநீளத்தைச் சுற்றி அளந்தால் போதும். கனெக்டரைத் துடைக்காமல் மட்டும் ஆரம்பிக்காதீர்கள்.

முடிவில் பார்க்க வேண்டியது மொத்த எண். கிலோமீட்டர் கணக்கு அப்புறம். அதற்கும் ஓடிடிஆர் நீளத்தால்தான் வகுக்க வேண்டும். ஒருமுறை நான் சாலைத் தூரத்தால் வகுத்து 19.4 வரவே, மீட்டரைத் திட்டிக்கொண்டிருந்தேன். வழியிலுள்ள சேம்பர்களில் (கேபிள் குழிகளில்) சுருட்டி வைத்த கேபிளை மறந்துவிட்டேன். உங்களுக்கு 17 பக்கம் வந்தால் ஜி.652. 10, 11 என வந்தால் வழியில் டிஸ்பர்ஷன் குறைந்த ஜி.655 ஃபைபர் கலந்திருக்கலாம். அப்படி மொத்தம் குறைவாக இருந்தும் எர்ரர் நிற்கவில்லையென்றால் பிஎம்டி (ஒளியின் இரு போலரைசேஷன்களுக்கு இடையே வரும் தாமதம்) பாருங்கள். 10ஜிக்கு அதன் சராசரி 10 பிக்கோசெகண்டைத் தாண்டக் கூடாது.

1600ஐ ஒட்டியோ தாண்டியோ வந்தால் டிசிஎம் (டிஸ்பர்ஷனை ஈடுகட்டும் மாட்யூல்) போடச் சொல்வார்கள். 40 கி.மீ. டிசிஎம் சுமார் 680ஐக் கழிக்கும், ஆனால் 4, 5 டிபி லாஸையும் கூட்டும். ரிசீவ் பவர் -24க்கும் கீழே போகலாம்; பிறகு ஆம்ப்ளிஃபயர் வாங்க வேண்டிவரும். உங்களுக்கு 20 கி.மீ. டிசிஎம்மே போதும் என்று நினைக்கிறேன். லாஸ் குறைந்த கிரேட்டிங் வகை கிடைத்தால் முதலில் அதன் விலையைக் கேளுங்கள்.