பதில்: வேப்பங்குற்றியில் செம்மஞ்சள் காளான், பலகை அரியலாமா?

வணக்கம். மாரி மழைக்கு உப்புவெளி வளவில் விழுந்த வேப்பங்குற்றிகளில் செம்மஞ்சள் தட்டுகள் முளைத்திருக்கு, சுரண்டிவிட்டு அரியலாமா என்று கேட்டிருந்தீர்கள். சுரண்டிப் பயனில்லை. வெளியே தெரிவது வித்திகளைப் பரப்பும் பகுதிதான், பங்கசின் இழைகள் மரத்துக்குள்ளே ஓடியிருக்கும். தட்டு மெல்லியதாய், அடிப்பக்கமும் அதே நிறமாய், ஊசிமுனைத் துளைகளோடு இருந்தால் அநேகமாகப் பைக்னோபோரஸ். மரத்தை வெளிற வைத்து நாராக்கும் வெள்ளை உக்கல் இது. (கறிக்கும் ஆகாது.)

முனையிலிருந்து அடியடியாக வெட்டிப் பாருங்கள். வெட்டுமுகத்தில் கத்திமுனையால் குத்தினால் பஞ்சுபோல் இறங்கும் இடமெல்லாம் கழிவு. வெளிப்புற வெளிர் மரம் (வெள்ளை) முதலில் போகும். நடுவிலுள்ள சிவந்த வைரம் அதிகம் தாங்கும், அது உறுதியாய் இருந்தால் தாராளமாக அரியலாம்.

அரிந்ததும் நிலத்தில் போடாதீர்கள். கல் வைத்து ஓரடி உயர்த்தி, பலகைகளுக்கிடையே ஓரங்குலக் கட்டை கொடுத்து, மேலே மட்டும் தகரம். தறப்பாளால் முழுதாய் மூடினால் உள்ளே வேர்த்து உக்கல் தொடரும். ஈரம் 20 வீதத்துக்குக் கீழே போனால் பங்கசு வளராது. வறண்ட தென்மேல் காற்றான கச்சான் தொடங்குமுன் அடுக்கினால் சீக்கிரம் காயும், ஆனால் நேர்வெயில் பட்டால் வெடிக்கும்.

பக்கத்து மாமரத்துக்கு இதால் பயமில்லை. நிற்கும் மரத்தின் அடியில் அரக்குப் பூசினதுபோல் மினுங்கும் கபிலத் தட்டு வந்தால் அது உயிர்மரத்தையே உக்க வைக்கும் கனோடர்மா என்ற பங்கசாக இருக்கலாம், அதை விட்டுவைக்க வேண்டாம்.