ப்ரோ மாடலுக்குக் கூடுதல் பணம் கொடுக்கலாமா?

கேள்வி: என்னிடம் பிஎஸ்5 (சோனியின் பிளேஸ்டேஷன் 5 கேம் கன்சோல்) இருக்கிறது, 2021-இல் வாங்கியது. ஒரு குறையும் இல்லாமல் ஓடுகிறது. ஆனாலும் பிஎஸ்5 ப்ரோ வாங்கலாமா என்று மனசு அடித்துக்கொள்கிறது. வீடியோக்களில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுக் காட்டும்போது வித்தியாசம் தெரிகிற மாதிரியும் இருக்கிறது, தெரியாத மாதிரியும் இருக்கிறது. அந்த விலைக்கு அது தகுமா?

பதில்: கன்சோலைப் பற்றிச் சொல்லியிருக்கிறீர்கள், டிவியைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. பதிலில் பாதிக்கு மேல் அந்த டிவியில்தான் இருக்கிறது. ப்ரோவுக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் முழுக்கத் திரையின் வழியாகத்தான் உங்களுக்குத் திரும்பி வரும். திரை அதைக் காட்டாவிட்டால் பணம் பெட்டிக்குள்ளேயே கிடக்கும்.

முதலில் அந்தப் பணத்துக்கு என்ன தருகிறார்கள் என்று பார்ப்போம். 2024 நவம்பர் 7 அன்று வெளிவந்த ப்ரோவில் பெரிய மாற்றம் கிராபிக்ஸ் சிப்தான். பழையதில் 36 கம்ப்யூட் யூனிட் (படத்துக்கான கணக்கைப் போடும் பகுதி), இதில் 60. மெமரியின் வேகம் 28 சதவீதம் கூடுதல். இரண்டும் சேர்ந்து, படத்தை வரையும் வேலை 45 சதவீதம் வரை வேகமாக நடக்கும் என்பது சோனியே சொன்ன கணக்கு. ‘வரை’ என்ற சொல்லைக் கவனியுங்கள். எல்லா கேமிலும் அது கிடைக்காது. கேம்களைச் சேமிக்க 2 டிபி எஸ்எஸ்டி உண்டு. டிஸ்க் டிரைவ் கிடையாது, வேண்டுமானால் தனியாக வாங்க வேண்டும். அமெரிக்காவில் வெளியானபோது, டிஸ்க் போடும் சாதாரண பிஎஸ்5-ஐவிட இதன் விலை 40 சதவீதம் அதிகம். டிஸ்க் டிரைவையும் சேர்த்தால் வித்தியாசம் 50 சதவீதத்தைத் தாண்டிவிடும். ஒப்பிடும்போது டிரைவையும் சேர்த்துத்தான் ஒப்பிட வேண்டும். விளம்பரத்தில் யாரும் அப்படிக் காட்ட மாட்டார்கள்.

இந்த வேகம் எதற்குப் பயன்படுகிறது? உங்கள் பிஎஸ்5-இல் பெரிய கேம்களைத் திறந்தால் ‘குவாலிட்டி’, ‘பெர்ஃபார்மன்ஸ்’ என்று இரண்டு மோடு இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். முதலாவதில் படம் கூர்மையாக இருக்கும், ஆனால் நொடிக்கு 30 ஃபிரேம், அதாவது 30 படம். இரண்டாவதில் 60 ஃபிரேம், ஆனால் படம் கொஞ்சம் மங்கும். 30 ஃபிரேம் என்றால் ஒவ்வொரு படத்தையும் வரைய 33 மில்லி செகண்ட் கிடைக்கிறது. 60 என்றால் 17-க்கும் குறைவு. பாதி நேரத்தில் வரைந்தாக வேண்டும், அதனால் எதையாவது குறைக்கிறார்கள். இந்த இரண்டில் ஒன்று என்ற நிலையை ஒழிப்பதுதான் ப்ரோவின் நோக்கம். ஆட்டக்காரர்களில் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேர் பெர்ஃபார்மன்ஸ் மோடையே தேர்ந்தெடுப்பதாக, ப்ரோவை வடிவமைத்த மார்க் செர்னி அறிமுக வீடியோவில் சொன்னார். அந்த மோடின் மங்கலைப் போக்க பிஎஸ்எஸ்ஆர் என்ற முறையைச் சேர்த்திருக்கிறார்கள். படத்தைக் குறைந்த ரெசல்யூஷனில், அதாவது குறைந்த புள்ளிகளில் வரைந்து, இயந்திரக் கற்றல் மூலம் 4கே (3840 × 2160 புள்ளிகள்) அளவுக்குப் பெரிதாக்குகிற வேலை அது.

இது வேலை செய்யும் இடத்தில் நன்றாகவே வேலை செய்கிறது. ‘ஃபைனல் ஃபேன்டஸி 7 ரீபர்த்’ சாதாரண பிஎஸ்5-இன் பெர்ஃபார்மன்ஸ் மோடில் கண்ணாடியில் ஆவி படிந்த மாதிரி இருந்தது. நிறையப் பேர் குறைப்பட்டுக்கொண்டார்கள். ப்ரோவில் அதே கேம் 60 ஃபிரேமிலேயே தெளிவாக வருகிறது. அந்த மாதிரி கேம்தான் உங்களுக்கு உயிர் என்றால், கொடுத்த பணம் கண்ணுக்குத் தெரியும்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். ப்ரோவின் சிபியு, அதாவது மூளை, பழைய பிஎஸ்5-இல் இருந்த அதே எட்டு கோர் கொண்ட ஜென் 2 வகைதான். தேவைப்பட்டால் 3.5-க்குப் பதில் 3.85 கிகாஹெர்ட்ஸில் ஓடும். ஏறத்தாழ 10 சதவீதம், அவ்வளவுதான். கூட்டம் கூட்டமாக மனிதர்கள் நடமாடும் நகரம், ஒவ்வொருவரும் என்ன செய்கிறார்கள் என்று கணக்குப் போடுவதெல்லாம் சிபியுவின் வேலை. ‘டிராகன்ஸ் டாக்மா 2’-இல் நகரத்துக்குள் நுழைந்ததும் ஃபிரேம் சரிவது இதனால்தான். கிராபிக்ஸ் சிப் எவ்வளவு பெரிதானாலும் அந்தச் சரிவு முழுசாகப் போகாது. ஆகவே உங்களுக்குப் பிடித்த கேம் எந்த இடத்தில் திணறுகிறது என்று கவனியுங்கள். வெறும் காட்டில் நிற்கும்போதும் படம் மங்கலா, ப்ரோ உதவும். ஊருக்குள் போனால்தான் தடுமாறுகிறதா, அதிகம் எதிர்பார்க்காதீர்கள்.

இனி டிவி. பிஎஸ்5 அமைப்புகளில் ‘ஸ்கிரீன் அண்ட் வீடியோ’ பகுதிக்குள் போனால் ‘வீடியோ அவுட்புட் இன்ஃபர்மேஷன்’ என்று ஒரு பக்கம் இருக்கிறது. டிவிக்கு இப்போது என்ன போய்க்கொண்டிருக்கிறது, டிவி எதையெல்லாம் ஏற்கும் என்று அது காட்டும். 4கே, 120 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 120 முறை படத்தை மாற்றுவது), விஆர்ஆர் (கேமின் ஃபிரேம் வேகத்துக்கேற்பத் திரை தன் வேகத்தை மாற்றிக்கொள்வது) மூன்றும் உண்டா என்று பாருங்கள். இல்லை என்று வந்தாலும் உடனே டிவியைக் குறை சொல்ல வேண்டாம். பல டிவிகளில் நான்கு ஹெச்டிஎம்ஐ துளைகள் இருந்தாலும் ஒன்றோ இரண்டோதான் முழு வேகம் கொண்டவை. அந்தத் துளைக்கும் டிவியின் மெனுவில் போய் உயர்தர சிக்னலை ‘ஆன்’ செய்ய வேண்டியிருக்கும். வாங்கிய நாளிலிருந்து தப்பான துளையிலேயே கன்சோலைச் செருகி வைத்திருப்பவர்கள் ஏராளம். முதலில் அதைச் சரிசெய்யுங்கள். செலவு எதுவும் இல்லை.

பிறகு, நீங்கள் எவ்வளவு தள்ளி உட்காருகிறீர்கள் என்பது. பழுதில்லாத கண் பிரித்தறியும் மிகச் சிறிய கோணம் ஏறத்தாழ ஒரு டிகிரியில் 60-இல் ஒரு பங்கு. 55 அங்குல டிவிக்கு அதை வைத்துக் கணக்குப் போட்டால், 4கே படத்தின் புள்ளிகளைத் தனித்தனியாகப் பார்க்க 1.1 மீட்டருக்குள் உட்கார வேண்டும். 1080பி, அதாவது ஃபுல் ஹெச்டி படத்தின் புள்ளிகளே 2.2 மீட்டருக்கு அப்பால், அதாவது சுமார் ஏழடி தாண்டினால், ஒன்றோடொன்று கலந்துவிடும். பத்தடி தள்ளி சோபாவில் சாய்ந்தபடி விளையாடுகிறவருக்கு ரெசல்யூஷன் கூடியதால் வரும் லாபம் மிகக் குறைவு. ஒரு விதிவிலக்கு உண்டு: புல், தலைமுடி, கம்பிவேலி மாதிரி மெல்லிய பொருள்கள் அசையும்போது மினுக்மினுக்கென்று துடிக்குமே, அது தூரத்திலிருந்தும் உறுத்தும். அதை ப்ரோ நன்றாகவே குறைக்கிறது.

ஒரு சோதனை செய்யுங்கள். நீங்கள் அதிகம் விளையாடும் கேமைப் போட்டு, வழக்கமாக உட்காரும் இடத்திலேயே உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்ளுங்கள். வீட்டில் ஒருவரை இரண்டு மோடில் ஏதோ ஒன்றைப் போடச் சொல்லுங்கள், எது என்று சொல்லக் கூடாது. கண்ணைத் திறந்து, கேமுக்குள் கேமராவை அசைக்காமல் ஒரு நிமிடம் பாருங்கள். படத்தின் கூர்மையை வைத்து எந்த மோடு என்று சொல்ல முடிகிறதா? திரும்பத் திரும்பச் செய்யுங்கள். பெர்ஃபார்மன்ஸ் மோடின் மங்கலை ஒவ்வொரு முறையும் கண்டுபிடித்து, அது உங்களை எரிச்சல்படுத்தினால், ப்ரோ உங்களுக்காகச் செய்ததுதான். ஊகம்தான் வருகிறது என்றால், இப்போதிருக்கும் கன்சோலிலேயே 60 ஃபிரேமில் நிம்மதியாக ஆடுங்கள். 65 அங்குலத்துக்குக் குறையாத நல்ல 4கே டிவி, அதற்கு அருகில் உட்காரும் வழக்கம், புதுப் புதுப் பெரிய கேம்களை வெளியான உடனே ஆடும் பழக்கம் என எல்லாம் சேர்ந்து அமைந்தவருக்குத்தான் நான் ப்ரோவைச் சொல்வேன். டிவி சுமார் என்றால் அந்தப் பணத்தை டிவிக்குப் போடுங்கள். கேம் மட்டுமில்லாமல் வீட்டில் எல்லோரும் பார்க்கும் எல்லாமும் அதில் மேம்படும்.

கேள்வி: மகனுக்கு முதல் முறையாக கன்சோல் வாங்கப் போகிறோம். வீட்டில் இருப்பது பழைய ஃபுல் ஹெச்டி டிவி. “இனி வரும் கேம் எல்லாம் ப்ரோவில்தான் ஓடும், வாங்குவதே வாங்குகிறீர்கள், அதையே எடுத்துக்கொள்ளுங்கள்” என்று கடைக்காரர் சொல்கிறார். எனக்கு இதில் ஒன்றும் புரியவில்லை.

பதில்: அவர் சொன்னது தவறு, அதை நம்பி ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள். பிஎஸ்5-க்கு வரும் கேம்கள் சாதாரண மாடலிலும் ப்ரோவிலும் ஓடும். ப்ரோவுக்கு மட்டும் என்று தனியாக கேம் கிடையாது. ஃபுல் ஹெச்டி டிவியில் இருப்பது 4கேயில் இருக்கும் புள்ளிகளில் கால் பங்குதான். ப்ரோ தரும் கூடுதல் நுணுக்கத்தில் பெரும்பகுதி அந்தத் திரையில் காணாமல் போய்விடும். சாதாரண மாடலே உங்கள் வீட்டுக்குத் தாராளம். மிச்சப்படும் பணத்தில் இரண்டாவது கன்ட்ரோலர் வாங்குங்கள். ஒரு கன்ட்ரோலரை வைத்துக்கொண்டு நண்பன் வந்தால் பிள்ளை என்ன செய்வான்?

நீங்கள் உண்மையில் யோசிக்க வேண்டியது வேறு: டிஸ்க் உள்ளதா, இல்லாததா என்பது. டிஜிட்டல் மாடல் விலை குறைவு. ஆனால் கேம்களைக் கம்பெனியின் ஆன்லைன் கடையில் மட்டுமே வாங்க முடியும். பழைய டிஸ்க் வாங்குவது, ஆடி முடித்ததை விற்பது, நண்பனிடம் மாற்றிக்கொள்வது எதுவும் நடக்காது. வளரும் பிள்ளை கேமை முடித்துவிட்டு அடுத்ததைக் கேட்டுக்கொண்டே இருப்பான். டிஸ்க் மாடலுக்குக் கொடுத்த வித்தியாசம் சில கேம்களிலேயே திரும்பிவிடும். 2023 இறுதியில் வந்த மெலிந்த வடிவ டிஜிட்டல் மாடல் என்றால் டிரைவைப் பின்னால் வாங்கியும் மாட்டலாம்; முதல் முறை மாட்டும்போது மட்டும் இன்டர்நெட் வேண்டும். 2020-இல் வந்த டிஜிட்டல் மாடலில் அந்த வசதி இல்லை. யாராவது அதை மலிவு விலைக்குத் தந்தால் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எனக்கு படத்தின் தரத்தில் குறை இல்லை, இடம்தான் போதவில்லை. ஒரு கேம் போட இன்னொன்றை அழிக்க வேண்டியிருக்கிறது. ப்ரோவில் 2 டிபி இருக்கிறதே, மாறிவிடலாமா?

பதில்: வேண்டாம். உங்கள் பிஎஸ்5-க்குள்ளேயே இன்னொரு எஸ்எஸ்டி போட இடம் காலியாக இருக்கிறது. கம்ப்யூட்டர் கடைகளில் விற்கும் எம்.2 வகை, பிசிஐஇ ஜென் 4, ஹீட்சிங்க்கோடு (சூட்டைத் தணிக்கும் உலோகத் தகடு) இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். நொடிக்கு 5,500 எம்பி அல்லது அதற்கு மேல் படிக்கும் வேகம் வேண்டும் என்பது சோனியின் பரிந்துரை. 8 டிபி வரை ஏற்கும். மூடியைக் கழற்றி, உள்ளே இருக்கும் திருகுகளை எடுத்து, எஸ்எஸ்டியைச் செருகி, திருகுகளைத் திரும்ப முடுக்கினால் வேலை முடிந்தது. நிதானமாகச் செய்தாலும் அரை மணி நேரம் ஆகாது. முன்பு பிஎஸ்4 கேம்கள் நிறைய வைத்திருந்தீர்கள் என்றால் அவற்றைச் சாதாரண யுஎஸ்பி டிரைவுக்கு மாற்றி அங்கிருந்தே ஆடலாம். பிஎஸ்5 கேம்களை அதில் வைத்துக்கொள்ள முடியும், ஆட முடியாது.

இதே சிக்கல் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ் வாங்கியவர்களுக்கு இன்னும் கடுமை. விலை குறைவு என்று எடுக்கிறார்கள். முதல் வெளியீட்டில் 512 ஜிபி என்று போட்டிருந்தாலும் கேம்களுக்குக் கிடைப்பது ஏறத்தாழ 364 ஜிபிதான். கூடுதல் இடத்துக்கு எக்ஸ்பாக்ஸுக்கென்றே செய்த கார்டு வாங்க வேண்டும், அதன் விலை கையைக் கடிக்கும்.

கேள்வி: 2017-இல் வாங்கிய நின்டென்டோ ஸ்விட்ச் வைத்திருக்கிறேன். ஓஎல்இடி மாடலுக்கு மாறினால் கேம் வேகமாக ஓடுமா?

பதில்: ஓடாது. திறனைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றுதான். 2021-இல் வந்த ஓஎல்இடி மாடலில் 6.2 அங்குலத் திரைக்குப் பதில் 7 அங்குல ஓஎல்இடி திரை, 64 ஜிபி இடம், பின்னால் அகலமான தாங்கி, டாக்கில் (டிவியோடு இணைக்கும் பெட்டியில்) லேன் கேபிள் செருகும் துளை. டிவியில் போட்டால் ஒரு வித்தியாசமும் தெரியாது. கையில் வைத்தே ஆடுகிறவருக்கு அந்தத் திரை மகிழ்ச்சி தரும். ஆனால் ஏற்கெனவே ஒன்று வைத்திருப்பவர் அதற்காக மாறுவதை நான் ஆதரிக்க மாட்டேன். வேகம்தான் வேண்டும் என்றால் 2025 ஜூனில் வந்த ஸ்விட்ச் 2-ஐப் பாருங்கள். பழைய கேம்களில் பெரும்பாலானவை அதிலும் ஓடும். பழைய மைக்ரோஎஸ்டி கார்டில் கேம் வைத்து ஆட முடியாது. மைக்ரோஎஸ்டி எக்ஸ்பிரஸ் என்ற புது வகைக் கார்டு தேவை, அந்தச் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ப்ரோ வாங்குவது என்று முடிவு செய்துவிட்டேன். பழைய பிஎஸ்5-ஐ எப்போது விற்பது?

பதில்: புதியது வீட்டுக்கு வந்து, எல்லாம் மாற்றி முடித்த பிறகு. இரண்டையும் ஒரே நெட்வொர்க்கில் இணைத்தால் கேம், சேவ் (விட்ட இடத்தின் பதிவு) எல்லாவற்றையும் நேரடியாக மாற்றலாம்; லேன் கேபிள் போட்டால் வேகமாக முடியும். புதியதில் ஒவ்வொரு கேமையும் திறந்து, விட்ட இடத்திலிருந்து தொடர்கிறதா என்று பாருங்கள். அதற்கு அப்புறம் பழையதில் ‘கன்சோல் ஷேரிங் அண்ட் ஆஃப்லைன் ப்ளே’ என்பதை நிறுத்தி, ஃபேக்டரி ரீசெட் செய்யுங்கள். வாங்க வருகிறவர் முன்னால் ஒரு டிஸ்க்கைப் போட்டு ஓட்டிக் காட்டுங்கள். டிரைவ் சரியாக இருக்கிறது என்று கண்ணால் பார்த்துவிட்டால் பேரம் அதிகம் பேச மாட்டார்.