சில்லறை நாணயக் குற்றிகளில் உள்ள சிறிய அச்சுப் பிழைகளை எப்படி இனங்காண்பது?

கைக்கு வந்த குற்றியில் வழக்கத்துக்கு மாறாக ஏதேனும் தென்பட்டால், அது மேடாக நிற்கிறதா, பள்ளமாகக் கிடக்கிறதா என்பதையே முதலில் பார்க்க வேண்டும். குற்றியில் உருவத்தைப் பதிக்கும் அச்சில் வெடிப்பு விழுந்திருந்தால், அடிக்கும்போது உலோகம் அந்த இடைவெளிக்குள் ஏறிக் குற்றியில் மெல்லிய மேட்டுக்கோடாகப் பதியும். பிற்பாடு தரையிலோ சாவிக்கொத்திலோ உரசி உண்டான கீறல் பள்ளமாகவே இருக்கும். டோர்ச் வெளிச்சத்தைச் சாய்வாகப் பிடித்து, மணிக்கூடு திருத்துபவர்களின் உருப்பெருக்குக் கண்ணாடியால் பார்த்தால் வேறுபாடு தெளிவாகிவிடும். ஹட்டனில் உள்ள எங்கள் கடைக்கு வந்த ஓர் ஐந்து ரூபாய்க் குற்றியில், இலக்கத்தின் வயிற்றிலிருந்து விளிம்புவரை தலைமயிர் அளவில் அத்தகைய கோடு ஓடுகிறது. இலக்கத்தின் மேலும் அது அறாமல் ஏறி இறங்குவதைக் காணும்போது எனக்கு இன்றும் மகிழ்ச்சிதான்.

ஆனால் மேடாக இருப்பதெல்லாம் பிழையாகிவிடாது, குறிப்பாக எங்கள் மலையகத்தில். இலங்கையின் 2005 ஆம் ஆண்டு வரிசையைச் சேர்ந்த ஒரு ரூபாய், ஐந்து ரூபாய்க் குற்றிகள் பித்தளை முலாம் பூசிய உருக்கினால் ஆனவை என்பதால், முலாம் சிறிது விட்ட இடத்தில் ஈரம் புகுந்து, துரு அடியிலிருந்து கொப்புளமாகக் கிளம்பும். கொப்புளத்தின் ஓரத்தில் செம்பழுப்பு நிறம் தெரிந்தால் அதை ஒதுக்கிவிடலாம். 2017 முதல் வந்த துருப்பிடிக்காத உருக்குக் குற்றிகளில் இந்தக் குழப்பம் இல்லை.

அச்சின் குழிவில் மசகு அடைத்துக்கொண்டால், எழுத்தொன்று மங்கியோ முற்றாக இல்லாமலோ போகும். கோவில் உண்டியல் குற்றிகளில் எண்ணெயும் குங்குமமும் எழுத்துகளுக்கிடையே இறுகி இதே தோற்றத்தைத் தருவதால், இளஞ்சூடான சவர்க்கார நீரில் ஊறவைத்த பின்னரே முடிவு செய்யுங்கள். புளியோ மணலோ போட்டுத் தேய்க்கவே கூடாது. மேற்பரப்பு கெட்ட குற்றியைச் சேகரிப்பாளர்கள் விரும்புவதில்லை.

வெடிப்புக் கோடுகளுக்கு முகப்பெறுமதிக்கு மேல் பெரிதாக எதுவும் கிடைக்காது. இலட்சங்கள் தருவதாக வரும் விளம்பரங்களை நம்பாதீர்கள். மையம் விலகி அடிக்கப்பட்டதும், ஓரத்தில் பிறைபோல் வெட்டுண்டதும்தான் உண்மையில் தேடப்படுபவை. பிறை வெட்டு, தகட்டிலிருந்து வில்லைகளை (இன்னும் அச்சு அடிக்காத வெறும் வட்டத் துண்டுகளை) வெட்டும் கருவி முன்பு வெட்டிய துளையின் மேலேயே மீண்டும் விழுவதால் உண்டாகிறது. அத்தகைய வில்லைக்கு விளிம்பு எழுப்பும்போது வெட்டுக்கு நேரெதிர்ப் பக்கத்திலும் அழுத்தம் குறைந்துவிடுவதால், அங்கே விளிம்பு பெரும்பாலும் மங்கியிருக்கும். அந்தப் பக்கம் விளிம்பு முழுமையாக இருந்தால், யாரோ அரத்தால் அராவிய குற்றியோ என்று சந்தேகிக்க வேண்டும்.