பத்தாம் வகுப்பின் பரிணாமப் பாடமும் பெற்றோரின் தயக்கமும்

கேள்வி: மார்த்தாண்டம் பக்கம் கிறிஸ்தவ நிர்வாகத்தில் உள்ள அரசு உதவிபெறும் பள்ளியில் அறிவியல் ஆசிரியை நான். ‘உயிரின் தோற்றமும் பரிணாமமும்’ பாடத்தைத் தொட்டாலே, “இது வேதத்துக்கு விரோதம், எங்க பாஸ்டர் சொல்லியிருக்காரு” என்று சில பெற்றோர் வருகிறார்கள். “கேள்வி பதிலை எழுதிப்போட்டு முடிச்சிடுங்க” என்கிறார் சக ஆசிரியர். சமயத் தலைவர்கள் உண்மையில் என்னதான் சொல்கிறார்கள்? நான் எப்படி நடத்துவது?

பதில்: முழுதாக நடத்துங்கள் டீச்சர். பத்தாம் வகுப்போடு அறிவியலை விட்டுவிட்டு வணிகவியலுக்கும் ஐடிஐக்கும் போகிற பிள்ளைகளுக்கு இதைக் கேட்க வேறு வகுப்பே கிடையாது. 2023இல் மத்திய அரசின் பாடநூல் நிறுவனமான என்சிஇஆர்டி பத்தாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து பரிணாமத்தை நீக்கியபோது 1,800க்கும் மேற்பட்ட அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் எதிர்த்துக் கையெழுத்திட்டதற்கு இதுவும் ஒரு காரணம். நம் மாநிலப் புத்தகத்தில் பாடம் இருக்கிறது. அதை நாமே கைவிடக் கூடாது.

சமயத் தலைவர்கள் எல்லாரும் ஒரே குரலில் எதிர்க்கவில்லை. மனித உடல் எப்படித் தோன்றியது என்று ஆராயத் தடையில்லை, ஆன்மா மட்டும் கடவுள் நேரடியாகப் படைப்பது என்று 1950இலேயே திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் எழுதினார். பரிணாமம் வெறும் கருதுகோள் அல்ல என்று 1996இல் இரண்டாம் ஜான் பால் சொன்னார். படைப்புக்கும் பரிணாமத்துக்கும் முரண் இல்லை என்று 2014இல் பிரான்சிஸ் சொன்னார். உங்கள் ஊர்ப்பக்கத்து லத்தீன், சீரோ மலங்கரை, சீரோ மலபார் கத்தோலிக்க சபைகள் மூன்றும் ரோமோடு இணைந்தவைதான்.

சீர்திருத்த சபைகளுக்கு அப்படி ஒரே தலைமை இல்லை. ஆனால் அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலம் 1981இல், பரிணாமம் நடத்தினால், வேதத்தின் படைப்பை அறிவியலாக முன்வைக்கும் ‘படைப்பு அறிவியலையும்’ சமமாக நடத்த வேண்டும் என்று சட்டம் போட்டபோது வழக்குத் தொடுத்தவர்களில் முதல் பெயர் வில்லியம் மெக்லீன் என்ற மெத்தடிஸ்ட் போதகருடையது. அந்த மாநிலத்தின் கத்தோலிக்க, எபிஸ்கோப்பல், மெத்தடிஸ்ட் ஆயர்களும் அவரோடு நின்றார்கள். 1982 ஜனவரியில் சட்டம் செல்லாது என்று தீர்ப்பு வந்தது. எதிர்க்கும் பெற்றோரைவிட, உங்கள் நிர்வாகம் தயங்கினால் அதற்குத்தான் இந்தச் செய்தி உதவும்.

ஆதியாகமத்தின் ஆறு நாளை எழுத்துக்கு எழுத்து எடுக்கும் பெந்தெகொஸ்தே சபைகள் பலவும் பரிணாமத்தை ஏற்பதில்லை. அது அவர்களின் உண்மையான நம்பிக்கை. வசனத்துக்கு வசனம் பதில் சொல்லப் போகாதீர்கள். இஸ்லாமிய அறிஞர்களிடையே கருத்து பலவகை: செடி கொடி, விலங்குகளில் மாற்றத்தை ஏற்று, ஆதமின் படைப்பைத் தனியாக வைப்பவர்கள் உண்டு. விவேகானந்தர் பரிணாமத்தை ஏற்று, அதற்குமுன் உள்ளொடுக்கம் (பின்னால் விரிவது முன்பே உள்ளே அடங்கியிருப்பது) இருந்தாக வேண்டும் என்று வேதாந்த விளக்கம் சேர்த்தார். தசாவதாரத்தைப் பரிணாமத்தோடு ஒப்பிட்டுப் பேசுவதும் இங்கே வழக்கம். அறிவியல் வகுப்பில் ஆதியாகமமும் வேண்டாம், தசாவதாரமும் வேண்டாம். ஒன்றை உள்ளே விட்டால் மற்றதை வெளியே நிறுத்த முடியாது.

இனி வகுப்பு. குரங்கு வரிசையாக நிமிர்ந்து மனிதனாகும் அந்தப் படத்தை மாட்டாதீர்கள். பாதிச் சண்டை அதிலிருந்துதான் வருகிறது, படமும் தவறு. கீரிப்பாறைக் காட்டின் கருமந்தி நம் பாட்டன் அல்ல. மனிதனுக்கும் சிம்பன்சிக்கும் சுமார் 60–70 லட்சம் ஆண்டுகளுக்கு முன் ஒரு பொது மூதாதை இருந்தது.

ஓங்கிலில் (டால்பின்) தொடங்குங்கள். குளச்சல், முட்டம் பிள்ளைகளுக்கு அது தெரியும். ஓங்கிலின் துடுப்பு, வௌவாலின் இறக்கை, மனிதக் கை மூன்றையும் பலகையில் வரைந்து, மேற்கை எலும்பு, முன்கையின் இரண்டு எலும்புகள், மணிக்கட்டு, விரல்கள் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரே நிறம் கொடுங்கள். நீந்துகிற துடுப்புக்குள் விரல் எலும்பு எதற்கு? இதைப் பிள்ளைகள் கேட்ட பிறகு ‘அமைப்பு ஒத்த உறுப்பு’ என்ற சொல்லை எழுதுங்கள்.

சூழலுக்குப் பொருந்தியவை மிஞ்சிப் பெருகுவதான இயற்கைத் தேர்வைக் காட்டப் புல்தரையில் ஒரு சென்டிமீட்டர் பச்சைத் தாள் துண்டு 50, பழுப்பு 50 தூவுங்கள். நான்கு பேர் பறவைகளாக 15 விநாடி பொறுக்கட்டும். மிஞ்சிய ஒவ்வொன்றுக்கும் அதே நிறத்தில் இன்னொன்று சேர்த்து மூன்று சுற்று. துண்டு பெரிதானால் இரு நிறமும் ஒன்றுபோலக் கண்ணில் படும். நேரம் கூடினால் எல்லாம் போய்விடும். “பூச்சி பச்சையா மாறிட்டு” என்று யாராவது சொல்வார்கள். எந்தத் துண்டும் நிறம் மாறவில்லை, எண்ணிக்கைதான் மாறியது என்று எண்ணிக் காட்டுங்கள்.

“நீ நம்புறியா?” என்று எந்தப் பிள்ளையிடமும் கேட்காதீர்கள். பெற்றோரைப் பாடம் தொடங்குமுன்பே கூப்பிட்டுப் புத்தகத்தைக் காட்டி, “அறிவியல் என்ன சொல்லுது, எந்தச் சான்றை வச்சுச் சொல்லுதுன்னு பிள்ளைக்கு விளக்கத் தெரிஞ்சா போதும்” என்று சொல்லுங்கள். உதவிபெறும் பள்ளியில் பாதுகாவலர் இசைவில்லாமல் எந்தப் பிள்ளையையும் சமய போதனையில் உட்கார வைக்கக் கூடாது என்கிறது அரசியலமைப்பின் பிரிவு 28(3). அந்த விலக்கு சமய போதனைக்கு உரியது. அறிவியல் பாடவேளைக்கு அதைக் கேட்க முடியாது.

சக ஆசிரியர் சொல்லும் வழியில் மதிப்பெண்ணும் போகும். மனப்பாடம் செய்த பிள்ளை லாமார்க்கையும் டார்வினையும் குழப்பி, ஒட்டகச்சிவிங்கி எட்டி எட்டிக் கழுத்து நீண்டது என்ற லாமார்க்கின் கருத்தை டார்வின் பெயரில் எழுதிவைக்கும். தாள் துண்டு பொறுக்கிய பிள்ளை அப்படி எழுதுவது அரிது.